மலை இறங்கி வரும் வெப்பம்



மலைநாட்டுக் குளிரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குளிர் எப்படி வருகிறது என்று நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அது போகிற விதத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்காக உங்களை வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடருக்கு அழைத்துப் போகிறேன். குளிர் போவதை அங்கே பார்க்கிற மாதிரி வேறெங்கும் அவ்வளவு துலக்கமாகப் பார்க்க முடியாது. அதைப் புரிந்துகொண்டால், ஆடி மாதத்தில் நம் குமுளி மலையிலிருந்து இறங்குகிற காற்றும் புரிந்துவிடும்.

1943 ஜனவரி 22. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, பிளாக் ஹில்ஸ் மலைகளின் வடக்கு ஓரத்தில் ஸ்பியர்ஃபிஷ் என்று ஒரு சிற்றூர். காலை 7.30 மணிக்கு அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். 7.32-க்கு அதே இடத்தில் 7 டிகிரி. இரண்டே நிமிடத்தில் 27 டிகிரி ஏறியிருக்கிறது. ஒன்பது மணிக்கு 12 டிகிரி வரை போனது. அதற்குப் பிறகு, வீசிக்கொண்டிருந்த வெப்பக்காற்று ஓய்ந்தது. அடுத்த 27 நிமிடத்தில் வெப்பநிலை மறுபடியும் மைனஸ் 20-க்கே இறங்கிவிட்டது. வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. ஓடிக்கொண்டிருந்த கார்களின் முன்கண்ணாடியில் திடீரென்று வெண்பனி படிந்து, ஓட்டியவர்களுக்குப் பாதை மறைந்துபோனது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. பக்கத்தில் லீட், டெட்வுட் என்று இரண்டு சுரங்க ஊர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். லீட்டில் 11 டிகிரி இருந்த நேரத்தில் டெட்வுட்டில் மைனஸ் 27. இதில் கவனிக்க வேண்டியது, லீட்தான் உயரத்தில் இருக்கிற ஊர். டெட்வுட் பள்ளத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் குளிரும் என்பதுதானே நமக்குத் தெரிந்த பாடம்? அங்கே மேலே இருந்தவர்களுக்கு இளவேனில், கீழே இருந்தவர்களுக்குக் கடுங்குளிர். ராபிட் சிட்டி என்கிற ஊரில் ஒரு ஹோட்டலின் ஒரு பக்கத்தில் குளிர்காலமும், மூலை திரும்பினால் மறுபக்கத்தில் வசந்தமும் இருந்ததாகப் பதிவு இருக்கிறது.

இதெல்லாம் உண்மைதானா என்று கேட்காதீர்கள். தானியங்கிக் கருவிகள் வரைந்த கோடுகள் இருக்கின்றன. எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

முதலில் குளிரைப் பார்ப்போம். குளிர்காலத்தில் வட துருவத்தை ஒட்டிய கனடாவின் நிலப்பரப்பில் வாரக்கணக்கில் காற்று அசையாமல் கிடக்கும். சூரியன் பெயருக்குத்தான் எட்டிப்பார்க்கும். நிலத்தை மூடிய பனி இருக்கிற வெப்பத்தையும் வானத்துக்கு விட்டுவிடும். அப்படிக் குளிர்ந்து குளிர்ந்து கனத்துப்போன காற்று ஒரு நாள் தெற்கு நோக்கி நகரத் தொடங்கும். அதன் முன்விளிம்பைத்தான் குளிர்முகப்பு என்கிறோம். ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக ஒரு மதில் போல நிற்பதால், இந்தக் காற்று மலையின் கிழக்கு அடிவாரத்தைத் தடவிக்கொண்டே கனடாவின் ஆல்பர்ட்டா, அமெரிக்காவின் மொன்டானா, டகோட்டா என்று இறங்கி வரும். குறுக்கே தடுக்க ஒரு மலை கிடையாது. 1916 ஜனவரி 23-ஆம் தேதி மொன்டானாவின் பிரௌனிங் ஊரில் கிட்டத்தட்ட 7 டிகிரி இருந்தது. குளிர்முகப்பு வந்தது. மறுநாள் மைனஸ் 49. ஒரே நாளில் 56 டிகிரி சரிவு. அதே மாநிலத்தில் ரோஜர்ஸ் கணவாயில் 1954 ஜனவரி 20-இல் பதிவான மைனஸ் 57 டிகிரிதான், அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், இன்றுவரை அமெரிக்காவின் மிகக் குறைந்த வெப்பநிலை.

இந்தக் குளிர்காற்றின் ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கத்தான் பயங்கரம்; உயரம் அதிகமில்லை. பல சமயம் சில நூறு மீட்டர், மிஞ்சினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர். கனமான காற்று ஆகையால் தரையோடு தரையாக, பள்ளம் பார்த்துத் தேங்கி நிற்கும். அதற்கு மேலே வேறு காற்று ஓடிக்கொண்டிருக்கும். டெட்வுட் அந்தத் தேக்கத்துக்குள் மூழ்கியிருந்தது. லீட் அதற்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பியர்ஃபிஷ் சரியாக விளிம்பில் இருந்தது. விளிம்பு ஏறி இறங்க, ஊரும் குளிருக்குள்ளும் வெப்பத்துக்குள்ளும் மாறி மாறிப் போய் வந்தது. இரண்டு நிமிடத்தில் எந்தக் காற்றும் 27 டிகிரி சூடாகிவிடாது. ஒரு காற்று விலகி இன்னொரு காற்று அந்த இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

அப்படி வந்த அந்த இன்னொரு காற்றுக்கு சினூக் என்று பெயர். அது பசிபிக் கடலிலிருந்து வருகிறது. ஆனால் கடலில் இருந்தபோது அது அத்தனை சூடாக இல்லை. மலைதான் அதைச் சூடாக்கியது. மலையில் அடுப்பு ஏதும் இல்லையே, எப்படிச் சூடாக்கும்?

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். நாலு அடி அடித்த பிறகு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், தளரவிட்டால் குளிரும். மலை ஏறுகிற காற்றுக்கு மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, விரிந்து குளிர்கிறது. இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது, சுருங்கிச் சூடாகிறது. ஈரம் படியாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிரும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால் அதே 10 டிகிரி சூடாகும். ஏறின அளவே இறங்கினால் கணக்கு சரியாகிவிடும், லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

லாபம் எங்கே வருகிறது என்றால், மழையில். ஏறுகிற காற்று ஓர் உயரத்தில் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மேகமாகிறது. தண்ணீரை ஆவியாக்க வெப்பம் கொடுக்க வேண்டும் என்பது அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆவி மறுபடி தண்ணீராகும்போது அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இதை உள்ளுறை வெப்பம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் நீராவி தண்ணீரானால் போதும், அந்தக் காற்று இரண்டரை டிகிரி சூடாகிவிடும். அதனால் மேகம் கட்டத் தொடங்கிய பிறகு காற்று கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி குளிர்வதில்லை, ஏறத்தாழ ஆறு டிகிரிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் 10 டிகிரியில் ஒரு காற்று புறப்படுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறியதும் பூஜ்யம் டிகிரி. அங்கே மேகம் கட்டுகிறது. அதற்கு மேல் இன்னும் இரண்டாயிரம் மீட்டர் மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டே ஏறுகிறது. மலை உச்சியில் மைனஸ் 12. ஈரத்தை மேற்குச் சரிவிலேயே இறக்கி வைத்துவிட்டு கிழக்கே இறங்குகிறது. இப்போது அது வறண்ட காற்று. இரண்டாயிரம் மீட்டர் இறங்கினால் 20 டிகிரி கூடும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வந்து சேரும்போது 8 டிகிரி. மேற்கே இதே உயரத்தில் அது பூஜ்யத்தில் இருந்தது. மலையைத் தாண்டியதில் எட்டு டிகிரி கைக்கு வந்துவிட்டது. கனடாவின் கால்கரி நகரம் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான், ராக்கி மலைக்குக் கிழக்கே இருக்கிறது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் இதே காற்று உண்டு. அங்கே ஃபான் என்கிறார்கள். அது ஆப்பிரிக்காவின் சஹாரா பாலைவனத்திலிருந்து வருகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். சூடாகவும் வறண்டும் தெற்கிலிருந்து வருகிற காற்றுக்கு வேறு எந்த ஊரைக் காட்டுவது? 1866-இல் யூலியஸ் ஹான் என்கிற ஆஸ்திரிய வானிலை அறிஞர் ஒரு எளிய கேள்வியால் அதை உடைத்தார். கிரீன்லாந்திலும் குளிர்காலத்தில் இப்படிச் சூடான காற்று மலையிலிருந்து இறங்குகிறதே, அங்கே ஏது பாலைவனம்? வெப்பம் காற்று புறப்பட்ட இடத்தில் இல்லை, அது இறங்கிய மலையில் இருக்கிறது என்று அவர் காட்டினார். வானிலை இயலில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்த்ததாலேயே கிடைத்த விடை.

பிற்கால ஆய்வுகள் ஹானின் விளக்கத்தோடு சிலவற்றைச் சேர்த்திருக்கின்றன. எல்லா நாளும் மேற்கே மழை பெய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சில நாட்களில் அடியில் இருக்கிற ஈரக்காற்று மலையைத் தாண்ட முடியாமல் மேற்கேயே அடைபட்டு நிற்க, மேலே இருக்கிற வறண்ட காற்று மட்டும் உச்சியைத் தாண்டிக் கீழே விழுகிறது. அதுவும் இறங்க இறங்கச் சூடாகிறது. மேகம் இல்லாத கிழக்குச் சரிவில் வெயிலும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், அடிப்படை மாறவில்லை.

கால்கரிக்காரர்களுக்கு சினூக் வரப்போவது வானத்தைப் பார்த்தாலே தெரியும். மேற்கே மலைகளுக்கு மேல் அடிவானத்தில் நீலம் தெளிந்திருக்கும். அதற்கு மேலே ஒரு நீண்ட மேகத் திரை, விளிம்பு வில்லாக வளைந்து, வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்கும். அதை சினூக் வளைவு என்கிறார்கள். மாலைச் சூரியன் அந்த வளைவுக்கு அடியில் இறங்கும்போது மேகத்தின் அடிப்பாகம் முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும். காற்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டுவதுண்டு. ஓர் அடி உயரத்துக்குக் கிடந்த பனி ஒரே நாளில் காணாமல் போவதுண்டு. எல்லாம் உருகி ஓடுவதில்லை, காற்று மிக வறண்டதாக இருப்பதால் ஒரு பகுதி தண்ணீராகாமலே ஆவியாகிவிடும். 1988-இல் கால்கரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இந்தக் காற்று வந்து பனிச்சறுக்குத் தாண்டல் போட்டிகளைத் தள்ளிப்போட வைத்தது.

இப்படி ஒரு காற்று வருவது வரம் அல்லவா? ஒரு வகையில் வரம்தான். மலையடிவாரப் புல்வெளி குளிர்கால நடுவிலும் அவ்வப்போது பனி நீங்கித் திறந்துகொள்வதால் காட்டெருமைகள் அங்கே வந்து மேய்ந்தன. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பிளாக்ஃபுட் மக்களின் வாழ்க்கை அந்த எருமைகளை நம்பியிருந்தது. எருமைகளைச் செங்குத்துப் பாறை விளிம்புக்கு ஓட்டி வேட்டையாடிய இடம் ஒன்று தெற்கு ஆல்பர்ட்டாவில் இருக்கிறது. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுப் பயன்பாட்டுக்கு அங்கே எலும்புகளே சாட்சி. 1981-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். பின்னால் வந்த மாட்டுப் பண்ணைக்காரர்களும் இந்தக் காற்றை நம்பித்தான் வைக்கோல் சேர்க்காமல் மாடுகளைத் திறந்த வெளியில் விட்டார்கள்.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1886-ஆம் ஆண்டுக் கோடை மொன்டானாவில் கடும் வறட்சி. புல் ஏற்கெனவே குறைவு. மேய்கிற மாடுகளோ அளவுக்கு மீறி அதிகம். நவம்பரிலேயே பனி கொட்டத் தொடங்கியது. மாடுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. குதிரை காலால் பனியைக் கிளறிப் புல்லை எடுத்துத் தின்னும். மாடு மூக்கால்தான் பனியைத் தள்ளும். தூளாகக் கிடக்கிற பனி என்றால் எப்படியோ சமாளித்துவிடும். அந்தக் குளிர்காலத்தின் நடுவில் வெப்பம் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. மேல்பனி இளகியது. பண்ணைக்காரர்கள் பிழைத்தோம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் காற்று நிலைக்கவில்லை. பின்னாலேயே குளிர்முகப்பு வந்து, இளகிய பனியை அப்படியே பாளமாக இறுக்கிவிட்டது. புல் கண்ணுக்குக் கீழே கிடக்கிறது, அதன் மேல் கண்ணாடி போல் உறைந்த பனிக்கட்டி. மாடுகளின் மூக்கும் கால்களும் கிழிந்து ரத்தம் வழிந்தது. ஆயிரக்கணக்கில் நின்ற இடத்திலேயே செத்தன. உருப்படியான வெப்பம் வந்து சேர்ந்தது வசந்தத்தில்தான். பனி கரைந்தபோது ஆற்றுப்பள்ளங்களிலும் வேலியோரங்களிலும் உடல்கள் குவிந்து கிடந்தன. பல பண்ணைகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் வைத்திருந்த மந்தையின் பெரும்பகுதியும் அந்தக் குளிரில்தான் அழிந்தது.

மொன்டானாவில் ஜூடித் பேசின் என்கிற இடத்தில் சார்லி ரஸ்ஸல் என்று ஓர் இளைஞர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் எப்படி இருக்கின்றன என்று ஹெலினா நகரத்திலிருந்து உரிமையாளர் கேட்டு எழுதினார். பதில் கடிதத்தோடு ரஸ்ஸல் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் நீர்வண்ணத்தில் ஒரு படம் வரைந்து அனுப்பினார். எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற ஒற்றை மாடு பனியில் தலை தொங்கி நிற்கிறது. சுற்றி ஓநாய்கள் காத்திருக்கின்றன. சினூக்குக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் தலைப்பு. பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. ரஸ்ஸல் பின்னால் அமெரிக்க மேற்கின் பெரும் ஓவியராக ஆனார். அந்த வட்டாரத்தின் பெரிய பண்ணையாரான கிரான்வில் ஸ்டுவர்ட், தீனியும் கொட்டகையும் கொடுக்க முடியாத கால்நடையை இனி வைத்துக்கொள்வதில்லை என்று தீர்மானித்து அந்தத் தொழிலை விட்டே போனார். மற்றவர்கள் வேலி போட்டார்கள், வைக்கோல் வெட்டிப் போர் போட்டார்கள். திறந்தவெளி மேய்ச்சல் காலம் அத்துடன் ஓய்ந்தது.

நான் சொல்ல வந்த விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாடுகளைக் கொன்றது குளிர் மட்டும் என்று நினைக்கக் கூடாது. குளிர், இடையில் அரைகுறையாக வந்த வெப்பம், மறுபடி குளிர், இந்த மூன்றும் வந்த வரிசைதான் கொன்றது. அந்தக் குளிர்காலத்தின் சராசரி வெப்பநிலையை மட்டும் கொடுத்தால், நடுவில் வந்த வெப்பத்தால் சராசரி சற்று மேலேதான் ஏறியிருக்கும். படிக்கிறவர் நிலைமை தேவலை என்று நினைப்பார். மலைநாட்டில் எத்தனை டிகிரி என்று கேட்பது போதாது. எவ்வளவு வேகத்தில் மாறியது, மாறியது எத்தனை நேரம் நிலைத்தது, அடுத்து என்ன வந்தது என்று கேட்க வேண்டும்.

மரங்களைக் கேட்டாலும் இதையே சொல்லும். நீண்ட சினூக் வீசிய பிறகு சரிவின் நடுவில் ஒரு பட்டை மட்டும் ஊசியிலை மரங்கள் செம்பழுப்பாகக் கருகிக் காணப்படுவதுண்டு. காற்றின் வெப்பத்தில் இலை நீரை இழக்கிறது. வேரோ உறைந்த மண்ணுக்குள் இருக்கிறது, உறிஞ்சிக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. குளிரில் வாழப் பழகிய மரம் வெயிலில் தாகத்தால் வாடுகிறது. கால்கரியில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு, ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சிலருக்கு இந்தக் காற்று நாட்களில் வலி கூடுவதைக் காட்டியது. மலையிலிருந்து இறங்கும் இந்தக் காற்று இனத்தின் மிகக் கொடிய முகத்தைக் கொலராடோ மாநிலம் 2021 டிசம்பர் 30 அன்று கண்டது. பல மாதம் மழை பனி சரியாக இல்லாமல் காய்ந்து கிடந்த புல்லில் தீப்பிடித்தது. ராக்கி மலையிலிருந்து மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சோடு இறங்கிய காற்று அதைக் குடியிருப்புகளுக்குள் தள்ளியது. சில மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மறுநாள் அதே இடத்தில் பனி பெய்தது. ஒரு நாள் முன்னால் பெய்திருந்தால் என்று அந்த மக்கள் எப்படி ஏங்கியிருப்பார்கள்!

இனி நம் பக்கம் வருவோம். நமக்குப் பனிப்பாளமும் இல்லை, துருவக் குளிரும் இல்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்றுக்கு ஆளான தமிழர்கள் இருக்கிறார்கள்.

இலங்கையின் நடுவே மத்திய மலைநாடு. வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுகிறது. வட்டவளை, கினிகத்தேனை பக்கத்துத் தோட்டங்களில் மழை விடாமல் பெய்யும். அந்தக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கி மட்டக்களப்பை அடையும்போது சூடாக, உதடு வெடிக்கிற வறட்சியோடு வருகிறது. மட்டக்களப்பு மக்கள் அதைக் கச்சான் என்பார்கள். உலக வானிலைக் கலைச்சொல் அகராதிகளிலும் அந்தத் தமிழ்ப் பெயரோடுதான் அது இடம்பெற்றிருக்கிறது. ஹான் ஆல்ப்ஸ் மலைக்குச் சொன்ன விளக்கம் கச்சானுக்கும் பொருந்தும். இன்னொரு செய்தி: மலையின் கிழக்குச் சரிவான ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்த வறண்ட காற்று படுகிற காலத்தில் பறிக்கிற தேயிலைக்குத் தனி மணம் வருகிறது. உலகச் சந்தையில் அதற்குத் தனி விலை. அந்தக் காற்றில் கூடை சுமந்து நின்று கொழுந்து பறிக்கிறவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். மணத்துக்குக் கிடைக்கிற விலையில் அவர்கள் கைக்கு வருவது மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து நம் கம்பம் பள்ளத்தாக்கு. ஜூன் மாதத்தில் குமுளியிலிருந்து பஸ் ஏறுங்கள். மேலே குடையைப் பிடிக்க முடியாத மழை. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க மழை தூறலாகும். அடிவாரத்து லோயர் கேம்ப் வரும்போது ஷட்டரைத் தூக்குவார்கள், வெளியே வெயில். கூடலூர் தாண்டினால் காற்று பஸ்ஸையே தள்ளும். வாழைத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற விவசாயிகளுக்கு ஆடிக் காற்றில் குலை தள்ளிய வாழை சாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், கம்பம் 400 மீட்டர் அளவு. ஐந்நூறு மீட்டர் இறங்குகிற வறண்ட காற்று ஐந்து டிகிரி சூடாகும். அதோடு, மேற்கே பெய்த மழையின் உள்ளுறை வெப்பத்தையும் அந்தக் காற்று சுமந்து வருகிறது. 1895-இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேற்கே பெய்த மழையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நமக்கு வருகிறது. அதே மழையின் வெப்பம் மலைக்கு மேலாகக் காற்றில் வருகிறது. முதலாவதை நாம் கொண்டாடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். இரண்டாவதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. ராக்கி மலையின் சினூக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற மாணவன், தன் பள்ளிக்கூட ஜன்னலை அடித்துச் சாத்துகிற காற்று அதே விதிப்படி வருகிறது என்று அறியாமலே வீட்டுக்குப் போகிறான். இது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது? செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மொன்டானாவில் லோமா என்று ஒரு குக்கிராமம். 1972 ஜனவரி 14, 15 தேதிகளில் அங்கே மைனஸ் 48 டிகிரியிலிருந்து சினூக் வந்து 9 டிகிரிக்கு மேல் ஏற்றியது. 24 மணி நேரத்துக்குள் 57 டிகிரி மாற்றம். அமெரிக்காவில் அதற்கு மிஞ்சிய பதிவு இல்லை. அதைக் குறித்து வைத்தவர் விஞ்ஞானி இல்லை. சம்பளம் வாங்காமல் தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதுகிற தன்னார்வலர்கள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு, அவர்களில் ஒருவர். முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நிபுணர் குழு அந்தக் குறிப்பைச் சல்லடை போட்டுச் சலித்துப் பார்த்து, சரிதான் என்று ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு மனிதர் அன்றைக்குக் குளிருக்குப் பயந்து வெளியே வராமல் இருந்திருந்தால், இப்படி ஒரு நாள் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

நம்முடைய காற்றுக்கு அப்படிப்பட்ட குறிப்பு வேண்டும். குமுளியில் ஒரு பள்ளி, லோயர் கேம்பில் ஒரு பள்ளி, கம்பத்தில் ஒரு பள்ளி. ஒவ்வொன்றிலும் நிழலில், நாலைந்து அடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சாதாரணம், இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியது. ஈரத்துணி சுற்றியது எவ்வளவு கீழே காட்டுகிறதோ அவ்வளவு வறண்டது காற்று. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தினமும் காலை 8.30, மாலை 5.30, ஒரே நேரத்தில் மூன்று இடத்திலும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மேலே மழையா வெயிலா, கீழே காற்று பலமா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எந்த நாளில் குமுளியில் மழை பலத்ததோ, அந்த நாளில் கம்பத்துக் காற்று எத்தனை டிகிரி ஏறியது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நாலைந்து ஆண்டு தொடர்ந்தால் வாழைக்கு எப்போது முட்டுக் கொடுப்பது, தண்ணீரை எந்த நாளில் கூடுதலாகப் பாய்ச்சுவது என்று விவசாயிக்குச் சொல்லக்கூடிய ஒரு ஏடு நம் கையில் இருக்கும்.

இங்கே வந்திருக்கிற தலைமை ஆசிரியர்களையும் அறிவியல் ஆசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வருகிற ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்குங்கள். பெட்டி செய்யவும் வெப்பமானி வாங்கவும் ஆகிற செலவு மிகச் சிறியது. ஊர்க்காரர்கள் தயங்காமல் கொடுப்பார்கள். எழுதுகிற பொறுப்பை மாணவர்களிடமே விடுங்கள்.